ஒன்பதாம் ஃபாரம்

அடுத்த வீட்டு விவகாரத்தில் நான் மூக்கை நுழைப்பதில்லை. என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். தானாக வந்து காதில் விழுவதை நான் என்ன செய்ய முடியும்?

எதிர்வீட்டுக்காரி பத்தொன்பது வருஷமாக ஒரே அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். ஊரில் பாதி வீடுகளுக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னாலும் மாடிப்படிக்கு அடியிலும் தலையை நீட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்திருந்தால் சம்பளம்கூட வேண்டாமென்று சொல்லியிருப்பேன். ஆனால் மனிதர் வாயே திறக்க மாட்டார். "பின்தெரு மாடி வீட்டில இப்ப யாரு தம்பி இருக்காங்க?" என்று கேட்டால், "மீட்டர் இருக்குக்கா" என்பார். இதற்குமேல் என்ன கேட்பது?

அப்படிப்பட்டவர் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார் என்பது புத்தகமாக வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நூற்றறுபது பக்கம், இருநூறு பிரதி, மனைவி வேலை பார்க்கும் அதே அச்சகத்தில். முதலில் வாங்கி, முழுவதும் படித்தவள் நான்தான். யார் வீடு என்று கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றி எழுதியிருந்தார். அது வேறு எனக்கு வயிற்றெரிச்சல். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூற்றிருபத்தொன்பதாம் பக்கத்தில் திடீரென்று கப்பல் வந்தது. பாய்மரம், சுக்கான், தாடி வைத்த மாலுமி. பதினாறு பக்கம் கழித்துக் கப்பல் காணாமல் போய், மறுபடியும் மீட்டர் வந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்பம்மா கடலுக்குப் போனார்?" என்று அவளிடம் கேட்டேன். அவள் முகம் வெளிறியதைப் பார்த்ததும் ஏன் கேட்டோமென்று ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கங்களாக மடிப்பார்களாம். அப்படி மடித்த ஒவ்வொன்றும் ஒரு ஃபாரம். நீள மேஜையில் ஒன்று, இரண்டு என்று ஃபாரக் கட்டுகளை வரிசையாக அடுக்கி, மேஜையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். ஃபாரத்தின் அடியில் எண்ணோடு புத்தகத்தின் பெயரும் பொடியாக இருப்பது வழக்கம். முதலாளி, "எண் போதும், பேர் எதுக்கு" என்று அதை எடுத்துவிட்டார். அந்த வாரம் பக்கத்து மேஜையில் பெரிய எழுத்தாளர் ஒருவரின் ஐந்நூறு பக்கக் கப்பல் நாவல் இருந்தது. அதே தாள், அதே அளவு, அதே எழுத்து. புருஷன் புத்தகத்தில் வேறு யார் கையும் படக்கூடாது என்று இவள் ஒருத்தியே எல்லாக் கட்டையும் சுமந்து அடுக்கியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு ஒன்பதாம் ஃபாரக் கட்டுகளும் மேஜை மாறிவிட்டன. கப்பல் இவருடைய இருநூறு பிரதிக்குள்ளும், மீட்டர் கப்பல் நாவலின் முதல் இருநூறு பிரதிக்குள்ளும் போய்விட்டன. அதற்குப் பிறகு தைத்த நாவல் பிரதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

மீட்டர்காரர் அச்சான அன்றே பார்த்துவிட்டாராம். பார்த்துவிட்டு, அதற்குள் நான் வாங்கிவிட்ட ஒன்று போக மீதி எல்லாப் பிரதியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏனென்றால் அந்த அச்சகத்தில் ஃபாரம் மாறினால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். தலைகீழாக ஒரு ஃபாரத்தைச் சேர்த்ததற்காகப் போன வருஷம் ஒருத்தியை அனுப்பியிருக்கிறார்கள். "யார் படிக்கப் போறா, விடு" என்று மனைவியிடம் சொன்னாராம். படித்தவள் எதிர்வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஒரு மாதம் கழித்து இலக்கியத் திருவிழா. முதலாளிதான் விழாக் குழுச் செயலாளர். நாற்காலி காலியாகத் தெரிந்தால் படத்தில் நன்றாக இருக்காது என்று தொழிலாளர்களுக்கு ஆளுக்கு மூன்று அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார். அதில் ஒன்றில் நான் போனேன். என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானே முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கைப்பையில் மீட்டர்காரர் புத்தகத்தையும் போட்டுக்கொண்டேன். போரடித்தால் படிக்கலாமே.

அந்த அரங்கத்தின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரமான கம்பளம், பழைய ஏசிக் காற்று, ஆளாளுக்கு அடித்துக்கொண்ட சென்ட். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இல்லை. வாசலில் இரண்டு எழுத்தாளர்கள் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொண்டார்கள், பிரிந்த மறு நிமிஷம் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இவன் இன்னும் எழுதுறானா?" என்றார். இன்னொருவர் அந்தப் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். எங்கள் குடியிருப்பில் நானே இவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

முதல் அமர்வில் ஒரு கவிஞர் தன்னுடைய அடக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டது மாதிரி பேசியதால் ஒவ்வொரு வரியும் எச்சிலோடு வந்து விழுந்தது. இரண்டாவது அமர்வுதான் கப்பல் நாவலை எழுதிய கப்பல்காரருடையது. அன்று காலை விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். வெள்ளைத் தாடி, தூக்கிச் சீவிய முடி, யாரையும் நேராகப் பார்க்காத கண். மேடையில் அவரோடு ஒரு பேராசிரியை உட்கார்ந்து நாவலை அலசினார்.

அந்த அம்மாள் கையில் இருந்த பிரதியைப் பார்த்ததும் பைண்டிங்காரி என் தொடையைப் பிடித்து நசுக்கினாள்.

"அக்கா, அது அந்த முதல் இருநூறுல ஒண்ணு. முதுகுல மஞ்சள் துணி வச்சுத் தச்சோம். அப்புறம் துணி தீர்ந்து வெள்ளைக்கு மாறிட்டோம்."

"அப்படின்னா?"

"அதுலதான் இவரோட ஃபாரம் இருக்கு."

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "மாலுமி தொலைநோக்கியை உயர்த்தினான். வெகு தூரத்தில், அலைகளுக்கு அப்பால், குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது மீட்டர்." நிறுத்தினார். அரங்கம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். "என்ன ஒரு உடைப்பு! முந்நூறு வருடங்களை ஒரே வாக்கியத்தில் தாண்டுகிறார். கடலில் ஆரம்பித்து ஒரு சாதாரணக் குளியலறையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். இந்தப் பதினாறு பக்கங்கள்தான் இந்த நாவலின் உயிர் என்பேன்."

கைதட்டல். நான் கப்பல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி அந்த அம்மாளின் புத்தகத்தை வாங்கினார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். இரண்டு நொடி அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்ததாக எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார், உதட்டைத் துடைத்தார், சிரித்தார்.

"இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு நாலு நாள் காய்ச்சல்" என்றார்.

 மீட்டர்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்து, அந்தப் பதினாறு பக்கங்களை மேடையில் நடித்துக் காட்டினார்கள். விழாக் குழு கொடுத்த மஞ்சள் முதுகுப் பிரதியை வைத்து ஒத்திகை பார்த்திருந்தார்களாம். மீட்டர்காரர் எழுதியது ஓர் எளிமையான விஷயம். ஒரு வீட்டில் மாதாமாதம் ஒரு பெண்மணி துணி வாளியை நகர்த்தி அவருக்கு வழி விடுவாள். புருஷன் இறந்தபின் அந்த வீட்டு மீட்டர் ஏறவே இல்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எண்ணைப் பார்த்தே இவருக்குப் புரிகிறது. ஒரு மாதம் திடீரென்று எண் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. என்னவோ ஏதோ என்று பதறி மறுநாளே திரும்பப் போய்க் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. அங்கே ஒன்பதாம் ஃபாரம் முடிந்துவிடுகிறது.

மேடையில் கறுப்புத் துணி போர்த்திய ஆறு பேர் ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி உருண்டார்கள். ஒருவன் தரையில் படுத்துக்கொண்டு எண்களை உளறினான். ஒரு பெண் வாளிக்குள் தலையை விட்டு ஊளையிட்டாள். எனக்குப் பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டியபடியே செல்போனில் செருப்பு விலை பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்து எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் முதலாளி எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். அவர் தான் அச்சடித்த எதையும் படிப்பதில்லை என்பது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி நேரம் வந்தது. வெள்ளை முதுகுப் பிரதியோடு ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள்.

"சார், என் புத்தகத்துல நூத்தி இருபத்தொன்பதாம் பக்கத்துல ஒரு தீவுதான் வருது. குளியலறையே இல்லை."

முதலாளி துள்ளி எழுந்தார். "எங்கம்மா வாங்கின? அது கள்ளப் பதிப்பா இருக்கும்."

"உங்க கடையிலதான் சார். போன வாரம்."

சிரிப்பு எழுந்தது. கப்பல்காரர் கையை உயர்த்தி அமர்த்தினார். "விடுங்க. சில வாசகருக்குத் தீவு கிடைக்கும், சிலருக்குக் குளியலறை. அது அவங்கவங்க கொடுப்பினை."

அதற்கும் தட்டினார்கள். அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். தப்பு செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாத இடத்திலெல்லாம் திறக்கிற வாய்.

இன்னொருவர் எழுந்து, "ஐயா, அந்தக் கதவைத் திறந்தது யார்?" என்று கேட்டார்.

கப்பல்காரர் கண்ணை மூடினார். "மரணம்" என்றார். "கதவைத் திறந்தது மரணம். அவள் எப்போதோ செத்துவிட்டாள்."

மீட்டர்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். யாருக்கும் கேட்காத குரலில், தனக்குத்தானே சொல்வது மாதிரி, "அந்தம்மா உயிரோட இருக்காங்க. போன செவ்வாய்க்கிழமைகூடப் பார்த்தேன்" என்றார்.

எனக்குத் தெரியும். நூற்று நாற்பத்தைந்தாம் பக்கத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தது அந்தப் பெண்மணியேதான். மீட்டர் ஏறினால் யாராவது வந்து ஏனென்று கேட்பார்கள் என்று வீட்டிலிருந்த எல்லா விளக்கையும் பகலும் இரவும் போட்டுவைத்தாளாம்.

பைண்டிங்காரி எழுந்து நின்றாள். மீட்டர்காரர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். "உட்காரு. உன் வேலை போயிடும். உட்காருன்னு சொல்றேன்ல."

அவள் உட்காரவில்லை. மைக்கும் கேட்கவில்லை. மெஷின் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை.

"முதலாளி, அது கள்ளப் பதிப்பு இல்லீங்க. ஃபாரத்தை மாத்திச் சேர்த்தது நான்தான். ஒன்பதாம் ஃபாரம். அந்தக் குளியலறை இவர் எழுதினது. எங்க வீட்டுக்காரர். இந்த ஐயாவோட தீவு எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடக்கு, வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

 எனக்கு என்ன தோன்றியதோ, கைப்பையிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். "இதோ இருக்கு. கப்பல் இதுல இருக்கு, பாருங்க" என்றேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேடையையே பார்த்தார்கள், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று.

கப்பல்காரர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார். குரல் தழுதழுத்தது, எப்படித்தான் வரவழைத்தாரோ.

"பாருங்கள். ஒரு பைண்டிங் தொழிலாளி என் எழுத்தைப் படித்துவிட்டு, இது என் வீட்டுக் கதை, என் கணவர் எழுதியது என்கிறார். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டுமா?"

கூரை இடிந்து விழுகிற மாதிரி தட்டினார்கள். பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கறுப்புத் துணிக்காரர்களில் ஒருவன் ஓடிவந்து பைண்டிங்காரியைக் கட்டிக்கொண்டான். அவன்மேல் வியர்வை நாற்றம். அவள் அவனை இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். மைக்கில் யாரோ, "சாப்பாடு தயார்" என்றார்கள். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்தவர்களும் எழுந்து நின்றவர்களும் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நெகிழ்ச்சியான தருணம் இல்லீங்களா?" என்று சொல்லிக்கொண்டே தட்டு எடுக்கப் போனார்.

நாங்கள் மூவரும் வெளியே வந்தோம். மீட்டர்காரர் நேராக வாசலுக்கு நடந்தார். இவள் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், முன்கூடத்தில் அச்சகத்தின் புத்தகக் கடையில் நிற்கிறாள். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மேஜைமேல் மஞ்சள் முதுகுப் பிரதிகள் அடுக்கி வைத்திருந்தார்கள், எழுத்தாளர் கையெழுத்துப் போடுவதற்காக. அவள் அங்கே கிடந்த, கட்டுப் பிரிக்கும் பிளேடை எடுத்தாள்.

 "ஏய், என்னடி பண்றே?"

"தப்பாச் சேர்த்தது நான்தானேக்கா."

ஒரு பிரதியை எடுத்தாள். அட்டையை மடக்கி, நடுவில் விரலை ஓட்டி, எண்ணிக்கூடப் பார்க்காமல் சரியான இடத்தில் பிரித்தாள். பிளேடு முனையால் தையலை நான்கு இடத்தில் தொட்டாள். பதினாறு பக்கமும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டன. வேறு ஒரு தாளில் கீறல்கூட விழவில்லை. எடுத்ததைத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக எதிரே குடியிருக்கிறேன், அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

ஏழெட்டுப் பிரதி ஆவதற்குள் முதலாளி வந்துவிட்டார், வாயைத் துடைத்துக்கொண்டே. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"உனக்குப் பைத்தியமா? கையை எடு!" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. நடந்தது நடந்துபோச்சு. ஃபாரம் மாறினது வெளியில தெரிஞ்சா அச்சகத்தோட பேர் நாறிடும். மத்தியானம் எழுத்தாளருக்கு இன்னொரு அமர்வு இருக்கு. நீ மேடை ஏறி, 'அந்த நாவல் மேல இருக்கிற பிரியத்துல அப்படிச் சொல்லிட்டேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு. மேற்பார்வைக்குக்கூடப் போட்டுடறேன்."

"அந்தப் பதினாறு பக்கம்?"

"அவர் அதைத் தனியா ஒரு சின்னப் புத்தகமாப் போடலாங்கிறார்."

"யார் பேர்ல?"

முதலாளி பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவினார். 

வாசல்வரை போன மீட்டர்காரர் திரும்பி வந்திருந்தார். பிரித்தெடுத்த ஃபாரங்களைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். கை கட்டிக்கொண்டார். அவருடைய குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"சொல்லிடேன். பத்தொன்பது வருஷ வேலை. இது பதினாறு பக்கம்தானே."

அன்று காலையிலிருந்து நான் எத்தனையோ முகங்களைப் பார்த்து அருவருத்திருந்தேன். அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் அது அத்தனையும் இருந்தது.

"பதினாறு பக்கம்தானேன்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, உங்களுக்கும் இந்தத் தாடிக்காரனுக்கும் வித்தியாசமே இல்லைன்னு நினைச்சுக்குவேன். அவன் அந்தம்மாவைச் சாகடிச்சான். நீங்க கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

மீட்டர்காரர் கட்டியிருந்த கையை இறக்கினார். 

"முடிவா என்ன சொல்றே?" என்றார் முதலாளி.

அவள் அடுத்த பிரதியைத் திறந்து பிளேடை வைத்தாள்.

"அப்ப நாளையிலேர்ந்து வராதே."

"சரிங்க."

"இப்பவே கிளம்பு."

"இந்த அடுக்கை முடிச்சுட்டுக் கிளம்பறேங்க. அரைகுறையா விட்டுப் பழக்கமில்லை."

முதலாளி ஆள் கூப்பிட உள்ளே போனார். கையில் தட்டோடு சிலர் எங்களைச் சுற்றி நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். "இதுவும் நிகழ்ச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் தட்டிலிருந்து குழம்பு புத்தகத்தின்மேல் சொட்டியது. "நிகழ்ச்சி உள்ளேதாம்மா, போய்ச் சாப்பிடு" என்று அவள் தட்டைத் தள்ளினேன். நகரவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் மட்டும் படம் எடுக்காமல், மேஜையின் கடைசியில் இருந்த பிரதிகளைத் தூக்கி இவள் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

மீட்டர்காரர் மேஜையைச் சுற்றி வந்தார். மனைவிக்குப் பக்கத்தில் நின்று, அட்டை மூடிக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதலில் தப்பாகப் பிடித்தார்.

"அங்க இல்லை. முதுகுகிட்ட பிடிங்க" என்றாள்.

அவர் முதுகருகே பிடித்தார். உள்ளே பிற்பகல் அமர்வு தொடங்கி, எதற்கோ கைதட்டினார்கள்.